மூன்று மாதத்துக்கு வந்தவள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் மூன்று மாதம் குடியிருந்த ஜெர்லின் என்ற பெண் விட்டுப்போனது இது. எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். அவள் சொன்னாள்:

“எழுதுங்க ஆன்ட்டி. ஆனா என்ன நல்லவளா ஆக்கிடாதீங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்குது.”

இருக்கிறதுதான். அதனாலேயே இந்தக் கதையின் தொடக்கத்தைப் பல தடவை கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

2

கிழித்ததில் ஒன்று: “நோணாங்குப்பத்தில் படகு கிளம்பியபோது ஜெர்லின் தன் கூந்தலைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டு—”

[சுற்றுலாப் படகில் போனாள் என்பது உண்மை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துப் போட்டாள். ஆனால் இப்படித் தொடங்கினால் அவளை வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்கு நான் விளம்பரம் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.]

இன்னொன்று: “சமூகப்பணி என்பது மனிதனுக்கு மனிதன் செய்யும்—”

[கட்டுரைப் போட்டி. வேண்டாம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெர்லினுக்கு ஊர் முகையூர். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தாள். போன இடமெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. கடைசியில் சென்னையில் ஓர் ஏஜென்சி எடுத்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் குறுகிய கால ஒப்பந்தத்தில் சமூகப்பணியாளர்களை அனுப்புவது அவர்கள் தொழில். மூன்று மாதம் ஓர் ஊர், அப்புறம் வேறு ஊர். “வேலையும் ஆச்சு, ஊர் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு” என்று அங்கிருந்த பெண் சிரித்தாளாம். ஒரு மதியம் முழுக்க கம்ப்யூட்டர் திரையில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு போனும் சிம்மும் கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டையும் வந்தன. முதல் ஊர் புதுச்சேரி.

மருத்துவமனையில் அவள் வருவது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் பெண் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். நிர்வாக அதிகாரி மட்டும் வேலையைத் தெளிவாகச் சொன்னார்: “வீட்டுக்குப் போவாத கேஸுங்க நாலஞ்சு படுத்திருக்குது. பெட்ட காலி பண்ணிக் குடும்மா.”*

*இதைச் சொன்னவரை வில்லனாக்க ஆசையாக இருந்தது. ஆனால் அன்று தாழ்வாரத்தில் தரையில் படுத்திருந்த நோயாளிகளையும் ஜெர்லின் பார்த்திருக்கிறாள்.

3

அந்தக் கேஸ்களில் ஒருவர் தனிஸ்லாஸ். எழுபதைத் தாண்டியவர். மூடிப்போன மில் ஒன்றில் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டையில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆபரேஷன் முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. கூட்டிப்போகத்தான் யாரும் வரவில்லை.

அவரை எல்லாருக்கும் பிடிக்கும். காலையில் நர்சுகளைப் பார்த்து பிரெஞ்சில் “போன்ழூர் மத்மசேல்” என்பார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கு “மெர்சி.” ஜெர்லினிடம் மட்டும் கையை எடுத்து நெற்றியில் வைத்து பட்டாளத்து சல்யூட்.

“பொண்ணு இருக்காங்களாமே தாத்தா?”

“இருக்கா. கூப்புடாத.”

“ஏன்?”

“வரமாட்டா. வரவும் வேணாம்.”

[இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: “அவர் கண்களுக்குள் ஒரு கடல் பின்வாங்கியது.” அடித்துவிட்டேன். கடல் எதுவும் பின்வாங்கவில்லை. அவர் சொன்னதற்கு அர்த்தம் அவர் சொன்னதேதான். அதை ஒரு தகப்பனின் ஏக்கம் என்று ஜெர்லின் எடுத்துக்கொண்டாள். அவள் சொல்லக் கேட்டபோது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.]

4

மகள் லூர்துசெல்வி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தாள். கணவன் குவைத்தில். பிளஸ் டூ படிக்கும் மகள் ரூபியோடு சாரம் என்ற பகுதியில் குடியிருந்தாள். ஜெர்லின் கடைக்கே தேடிப் போனாள். கூட்டமில்லாத வேளை. லூர்துசெல்வி புடவையை இடது கையால் பிடித்துக்கொள்ளாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் உதறி விரித்தாள். இடது மணிக்கட்டு கோணலாக நின்றது.

“பாத்தேன் ஆன்ட்டி” என்றாள் ஜெர்லின் என்னிடம். “என்னாச்சுன்னு கேட்டிருக்கணும். எங்களுக்கு அதத்தான் படிப்புல சொல்லிக் குடுத்தாங்க. கேட்டா பேச்சு வேற பக்கம் போயிடும்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிச்சு. அதான் கேக்கல.”

அதற்குப் பதிலாக, “அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு. நீங்க வந்து கூட்டிட்டுப் போவணும்” என்றாள்.

“முடியாது மேடம்” என்று லூர்துசெல்வி புடவையை மடித்தாள். கோபமில்லை. சாயம் போகுமா என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் குரல்.

அப்போதுதான் ஜெர்லின் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

“தெனமும் உங்க பேரச் சொல்றாருக்கா.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எம் பேரயா?”

“ஆமா.”

“என்னான்னு?”

“செல்வி, செல்வின்னு.”

லூர்துசெல்வி புடவை அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கடை சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்து, தூண் மறைவில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பொறந்ததுலேர்ந்து அந்த மனுசன் என்ன ஏய்னுதான் கூப்புட்டிருக்காரு மேடம். பேரு வச்சதே சர்ச் ஃபாதர்தான்” என்றாள். 

அந்த வார இறுதியில் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். தனிஸ்லாஸ் மேல். அவரை நான் இவ்வளவு இனிமையாக எழுதியிருக்க வேண்டாமோ? ஆனால் அவர் இனிமையாகத்தான் இருந்தார். குடித்துவிட்டு வந்து மனைவியையும் மகளையும் வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவரும் அவர்தான். பத்தாவது பரீட்சைக்கு முந்தைய வாரம் மகளின் கையைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தவரும் அவர்தான். ஜெர்லினுக்கு இது பிறகுதான் தெரிந்தது. முன்னாலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் ஜெர்லினை அந்தக் கடை வாசலிலேயே நீங்கள் வெறுத்திருப்பீர்கள். அவள் பக்கத்தில் நின்று நீங்களும் கொஞ்சம் நம்பியிருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

மருத்துவமனையில் ஜெர்லினுக்குப் பாராட்டு. “வந்த வேகத்துல காலி பண்ணிட்டியேம்மா” என்று நிர்வாக அதிகாரி அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். ஏஜென்சியில் அவள் பேருக்கு நேராக ஏதோ பச்சை நட்சத்திரம் விழுந்தது. அடுத்த ஒப்பந்தம் வேலூரில் பெரிய மருத்துவமனை. அன்று மாலை அவள் எனக்கு ஜிலேபி வாங்கி வந்தாள். நானும் தின்றேன்.

6

ஒப்பந்தம் முடிவதற்கு முந்தின நாள், போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று சாரத்துக்குப் போனாள். பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

வீடு என்பது ஒரு கூடமும் சமையலறையும். கூடத்தை அடைத்துக்கொண்டு கட்டில். தனிஸ்லாஸ் நன்றாக ஷேவ் செய்து, வெள்ளைப் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஜெர்லினைப் பார்த்ததும் சல்யூட். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏய்! காபி எங்க?” என்றார்.

அந்தக் குரல் வேறு. வார்டில் யாரும் கேட்டிராத குரல். உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

லூர்துசெல்வி கடை வேலையை விட்டிருந்தாள். அவரைத் தனியாக விட்டுப் போக முடியவில்லை. ரூபியைக் காணோம். தோழி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொன்னாள் லூர்துசெல்வி. “இங்க அவளுக்குப் படிக்க முடியல. அவர் கைத்தடியால தரையத் தட்டுனா எனக்கே கையில இருக்கறது விழுந்துடுது. எம் பொண்ணு பாக்குது இல்ல.”

வாசல்வரை வழியனுப்ப வந்தவள் ஜெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். நெசமாவே எம் பேரச் சொன்னாரா? வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட அவரு வாயில வரல. அங்க சொன்னாருல்ல?”

ஜெர்லின் சொன்னாள்: “சொன்னாருக்கா.”

7

என்னிடம் இதையெல்லாம் அவள் சொன்னது அன்று சாயங்காலம், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே. நான் சொன்ன பதிலையும் எழுதியாக வேண்டும். “சரி விடு, நீ உன் வேலையத்தான செஞ்ச” என்றேன். வழிக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். மறுநாள், புதுச்சேரி வேலைக்கென்று ஏஜென்சி கொடுத்த போனையும் சிம்மையும் திருப்பி அனுப்பிவிட்டு அவள் வேலூர் பஸ் ஏறினாள். லூர்துசெல்வியிடம் இருந்த ஜெர்லினின் எண் அன்றோடு செத்துப்போனது.

இந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்து ஜெர்லினுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒன்றில் அவள் பாதி வழியில், திண்டிவனத்தில் இறங்கித் திரும்பி வருகிறாள். “எறங்கலியே ஆன்ட்டி” என்றாள்.

இன்னொன்றில் தனிஸ்லாஸ் திருந்திவிடுகிறார். ஒரு காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு “மெர்சி, செல்வி” என்கிறார்.

போனில் ஜெர்லின் அழுதுவிட்டாள். “இதத்தான ஆன்ட்டி நான் அவங்ககிட்ட சொன்னேன். நீங்களும் அதயே சொல்றீங்க.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

8

உண்மையில் நடந்தது இது. ஜெர்லின் போன மறு மாதம் லூர்துசெல்வியே என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். மூலக்குளத்தில் தண்ணீர் டேங்க் பக்கம் என்று ஜெர்லின் எப்போதோ சொல்லியிருந்தாளாம். கேட்டுக்குள் வரவில்லை. அப்பாவைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் போகணும் என்றாள்.

“அந்த மேடம் உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா? எங்கப்பாவப் பத்தி?”

எனக்கு எல்லாம் தெரியும். ஜெர்லினின் புது எண்ணை அழுத்திக் கொடுத்தேன். கைபேசியை அவள் காதில் வைக்கத் தெரியாதவள்போல் இருவருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்திருந்தாள். எனக்கும் கேட்டது.

“மேடம், நான் சாரம் லூர்துசெல்வி. அவரு எம் பேரச் சொன்னாரா இல்லியா?”

“இல்லக்கா. கூப்புடாதன்னுதான் சொன்னாரு. பேரு நான் சொன்னது.”

“வீட்டுக்கு வந்தப்ப மறுபடி கேட்டனே. அப்பயும்?”

“அப்பயும்.”

“ஏம்மா?”

“மறுநாள் காலைல எனக்குப் பஸ்ஸுக்கா.”

[இந்தப் பதிலைவிட நல்ல பதில் ஒன்றை நான் அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியும். கேட்டாள் என்றால் இப்போதும் முடியும்.]

லூர்துசெல்வி கத்தவில்லை. கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன்; வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு தனக்குத்தானே கணக்கு ஒன்று முடிந்தமாதிரி தலையாட்டினாள்.

“அப்ப நான் அவர எங்கயாவது சேத்துடலாம். பேரச் சொல்லிக் கூப்புட்ட அப்பாவத் தள்ளுறோமேன்னுதான் வச்சிருந்தேன்.”

9

வில்லியனூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வேலூர் வேலைக்கு நடுவில் போன்மேல் போன் போட்டு ஏற்பாடு செய்தது ஜெர்லின். இதை நல்ல கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எச்சரித்திருக்கிறாள்: “மொத நாளே செஞ்சிருக்க வேண்டிய வேல ஆன்ட்டி இது.” சேர்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாளைக் காலை வண்டி வருகிறது. லூர்துசெல்வி என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறாள். ஏன் நான் என்று கேட்டேன்.

“வண்டியில ஏத்தும்போது அவரு அழுவாரு. அவருக்கு நல்லா அழத் தெரியும். நான் மாறிடுவேன். நீங்க மாறக்கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து உள்ளே ஒரே கூச்சமாக இருக்கிறது. அவள் ஆள் தெரியாமல் கேட்டுவிட்டாள். கிழவர்கள் அழுதால் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் கதைகளைத்தான் நான் வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறேன். அவற்றில் சிலதுக்குப் பரிசும் வந்திருக்கிறது. நாளை அந்த மனிதர் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்து அழகாக வணக்கம் சொல்வார். கண் கலங்குவார். என் வாய் தானாகத் திறந்து, “பாவம், இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாரேம்மா” என்று சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டு நானும் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே இருக்கப்போவது அவளும் ரூபியும்.

அதனால் இதற்கு முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் அழுகையை நன்றாகவே எழுதிவிடுவேன். எழுதியதை நானே நம்பிவிடுவேன். சாரத்துச் சந்தில், வண்டியின் கதவு திறந்திருக்க, அவர் அழத் தொடங்கும் இடத்தில் உங்களை என் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேனாவை மூடுகிறேன். லூர்துசெல்வி நம்மைத்தான் பார்க்கிறாள். அவரைப் பார்க்காதீர்கள்.