புளி போட்டு விளக்கிய வீல் கப்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக உதித்தது அல்ல. என் காரின் வீல் கப் மங்கிப்போனதால் வந்தது.

கார் என்றதும் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று கை மாறி வந்த வண்டி. மேடு வந்தால் வீட்டார் இறங்கித் தள்ள வேண்டும். அதன் சக்கரங்களை மூடியிருக்கும் வீல் கப்பில் ஒரு காலத்தில் முகம் பார்க்கலாமாம். என்னிடம் வந்தபோது பழைய அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது. புதுக்கோட்டையில் மெக்கானிக் ஆத்மநாதனிடம் போய், இதைப் பளபளப்பாக்க என்ன வழி என்று கேட்டேன்.

"சோப்புத் தண்ணி, மெத்துனு ஒரு துணி, கடைசியா ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் சார். புளியை மட்டும் கிட்டக் கொண்டு போயிராதீங்க" என்றார். "திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு கல்யாண வீட்டுல புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சு, மேல இருந்த முலாம் பூரா போயி, உள்ள இருந்த பித்தளை வந்துருச்சு. சீர்ச் சாமானோட சேந்து மாப்ள வீட்டுக்கே போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிருச்சு."

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கீழே வருகிற ஆட்கள், பெயர்கள், பேச்சு எல்லாம் நான் இட்டுக்கட்டியவை.

2

முதல் தொடக்கம்: 'அந்தி வெயிலில் அந்தக் கார் பொன்னாக மின்னி—' (அடித்துவிட்டேன். மின்னியிருந்தால் கதை எதற்கு?)

இரண்டாவது: 'உடையப்பனுக்கு மலாயாவில் தோட்டமும், ஊரில் எட்டுக்கட்டு வீடும்—' (இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அந்த வீட்டுத் தூண்களை வர்ணிக்காமல் நகர முடியாது. எனக்கு அதில் சலிப்பு.)

நேராகவே வருகிறேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆவுடையாள் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவள் அப்பாவின் பங்காளி உடையப்பன், தன் காரையும் டிரைவர் மரியசெல்வத்தையும் கல்யாணத்துக்கு விட்டுவிட்டு மலாயா போயிருந்தார். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளன்று மரியசெல்வம் காரைக் கழுவித் துடைத்தான். எல்லாம் திருப்தி, வீல் கப்பைத் தவிர.

வீட்டின் பின்கட்டில் வேலைக்காரி கண்ணாத்தாள் சீர்ப் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் அத்தனையையும் சொந்தபந்தம் பார்க்கப் பரப்பிவைத்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு கரண்டிகூட மங்கலாக இருக்கக் கூடாது.

"இது ஒண்ணைத் தேச்சுப் பாருங்கக்கா. நல்லா வந்தா மத்ததையும் கழட்டித் தாரேன்" என்று மரியசெல்வம் ஒரு கப்பைக் கொடுத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பெட்ரோல் போடப் போனான்.

3

கண்ணாத்தாளை முதலில் விவரம் தெரியாதவளாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது என் மேலேயே எரிச்சல் வந்தது. நாள் முழுக்கப் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தன் கைக்கடியில் நிறம் மாறுவது தெரியாமலா போகும்? தெரிந்துதான் தேய்த்தாள். வெள்ளை போய் மஞ்சள் எட்டிப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அட கிரகமே! உள்ள தங்கமாட்டம் வச்சுக்கிட்டு மேல வெள்ளையப் பூசி வச்சிருக்கானுவளே!"

மிச்சம் இருந்த முலாமையும் விடாமல் தேய்த்து எடுத்தாள். கழுவி, தாம்பாளங்களோடு கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள். (இந்த இடத்தில் அவள் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. இனி அவளை யாரும் திட்ட விடமாட்டேன்.)

பரப்புகிற பெண்கள் வந்து, கப்பையும் ஒரு தட்டென்று நினைத்து, காய்ந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். கப்பின் நடுவில் புடைத்திருந்த இங்கிலீஷ் எழுத்து யாரையும் உறுத்தவில்லை. அந்த வீடுகளில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும். ரங்கூன் சாமானில் இங்கிலீஷிலும் இருக்கும்.

மரியசெல்வம் திரும்பி வந்தபோது சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பெண் காரில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நேரம் போகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். கப்பும் சீரோடு போய்விட்டது என்று தெரிந்தும், ஒரு சக்கரம் மொட்டையாக இருக்க, அவன் ஓட்டினான். பின்னால் மாட்டுவண்டியில் அவனுடைய வேலை வந்துகொண்டிருந்தது.

4

வேலை என்று சும்மா சொல்லவில்லை. உடையப்பன் ஊர் திரும்பினால் வீட்டுக்குள் போவதற்கு முன் காரைச் சுற்றி வருகிறவர். இவனுக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒரு ஜாக்கியைத் தொலைத்துவிட்டார். திருடன் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு திருமயம் வட்டாரத்தில் அந்த மனுஷருக்கு யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை.

(உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உடையப்பன் நம்ப மாட்டார். நம்பினால் இன்னும் மோசம். பங்காளி வீட்டுச் சீரில் வீல் கப் போனது என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அது ஆவுடையாளின் மாமியார் காதுக்கு வந்து சேரும்.)

அந்த மாமியார் பெயர் கண்ணம்மை. சீர் சாமான் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"ஒங்காத்தா குடுத்ததுலயே இதுதான் கனமா, லெச்சணமா இருக்கு."

அதைப் பூஜை அறையான சாமி வீட்டில் வைத்து, தினமும் பூவைப் பறித்து அதில் போட்டார். ஆவுடையாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து ஏறி இறங்கிய காரின் எழுத்து. சொல்ல முடியுமா? புதுப்பெண், வந்த வாரம்.

5

உடையப்பனின் கப்பல் இரண்டு நாளில் நாகப்பட்டினம் வந்துவிடும் என்று செய்தி வந்த அன்று, மரியசெல்வம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆவுடையாள் வாசல்படிவரை வந்தாள்.

"அந்த மூடியக் குடுத்துருங்க ஆச்சி. திருச்சிக்குக் கொண்டுபோனா மறுபடி முலாம் பூசிருவாக. ஒரே நாளுதான். மொதலாளி வாரதுக்குள்ள மாட்டிருவேன்."

"சாமி வீட்ல இருக்குண்ணே. அயித்தை பூ வச்சிருக்காக."

மரியசெல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரோட்டுச் சாணி பூரா ஏறுன மூடி ஆச்சி அது!"

"சத்தம் போடாதீங்க."

உள்ளே இருந்து கண்ணம்மையின் குரல் வந்தது.

"யாரு ஆவுடை, வாசல்ல?"

6

முடிவுகள். ஆவுடையாள் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். (நாளைக் காலையில் பூப்பறித்து வரும் கண்ணம்மைக்கு அது காணாமல் போனது தெரியும். பழி அந்த வீட்டு வேலைக்காரி மேல் விழும். ஒருவனைத் திருடன் பட்டத்திலிருந்து காப்பாற்ற, இன்னொருத்திக்குத் திருடிப் பட்டமா?)

உடையப்பன் மனமிரங்கி மன்னித்து— (மாட்டார். அவரை எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.)

கண்ணம்மை விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். (இதை ஆசையோடு எழுதினேன். ஆனால் சாணி மேல் உருண்ட சாமானில் சாமிக்குப் பூ வைத்தவர் சிரிப்பாரா, சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்புவாரா?)

ஆவுடையாள் தைரியமாக உண்மையைச் சொல்கிறாள். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. ஒரு பக்கம் எழுதிக் கிழித்தும் போட்டேன். என்னைப் போன்றவர்கள் எழுதும் கதைகளில் பெண்களுக்குத் தைரியம் ரொம்பச் சுலபமாக வந்துவிடுகிறது. மறுநாள் அந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப் போவது நானில்லை. அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவனை நினைத்தாலும் அப்படித்தான்.

7

ஆவுடையாள் உள்ளே போய்விட்டாள். நான் பேனாவை மூடிவிட்டு, வாசலுக்கு வந்து மரியசெல்வத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கிறேன். உள்ளே பேசுவது இங்கே கேட்கவில்லை.

"குடுத்துருவாகளா சார்?"

"தெரியலையே."

"என்ன சார் இப்புடிச் சொல்றீங்க? எழுதுறது நீங்கதானே?"

அந்தக் கேள்வியை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். உள்ளே இப்போது ஆவுடையாளாக இருப்பது நீங்கள். உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகிறது. சாமி வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வீல் கப்பில் இன்று பறித்த பூ இருக்கிறது. கண்ணம்மை கையைத் துடைத்துக்கொண்டு உங்களுக்கு நேரே வந்து நின்று, மறுபடியும் கேட்கிறார்:

"ஒன்னையத்தான் கேக்குறேன். அந்த டிரைவர் எதுக்கு வந்திருக்கான்?"