கேரம் ஆடி வீங்கிய கை

கொத்தனார் கை வலிக்கிறது என்றதும் மேஸ்திரி நல்ல மனதோடு, "போய் ஓய்வெடுத்துட்டு வாய்யா" என்றார். கொத்தனாரும் ஓய்வெடுத்தார். எங்கே? முடிவெட்டும் கடைக்குப் பின்னாலிருந்த கேரம் பலகையில், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை.

பூச்சுக் கரண்டி பிடித்தால்தான் வேலையாம், ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் ஓய்வாம். மணிக்கட்டுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அது இரண்டுக்கும் சேர்த்தே வீங்கியது.

அவருக்குச் சித்தாள் அவர் மனைவிதான். ஜோடியாகத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவர் சாரம் ஏறாவிட்டால் அவள் கையிலும் சாந்துச்சட்டி கிடையாது. புருஷனின் விரல் கொழுப்புக்கு அவள் வீட்டில் குந்த வேண்டும்.

கையைப் பார்த்த மருத்துவமனைப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: "வலி போற வரைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து லீவு விடுங்க. அப்புறம் ஆடினாலும், ஆட்டம் முடிஞ்சதும் எழுந்து விரலை விரிச்சு மடக்கிட்டு உட்காருங்க. லேசா வலிச்சா அப்பவே நிறுத்திடுங்க."

வெளியே வந்ததும் கொத்தனார் கூட வந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "சிமெண்டு மூட்டை தூக்குற கைடி இது! ஒரு வில்லையைச் சுண்டுறதுக்கு வைத்தியமா?"

"மூட்டை தூக்கி வலிச்சிருந்தா நாலு பேராவது பாவம்னு சொல்லியிருப்பாங்க" என்றாள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து அவரோடு ஆடுகிறவனும் அதே மேஸ்திரியிடம் வேலை செய்யும் கொத்தன்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் எழுந்து கையை உதறிக்கொண்டு நடப்பான். அவனுக்கு 'உதறி' என்று பெயர் வைத்ததே இவர்தான்.

"என்னடா, விரலுக்குத் தாலாட்டா?"

"பாடலேன்னா ராத்திரி அது என்னைத் தூங்க விடாதுண்ணே."

ஓய்வு முடிந்து கொத்தனார் சாரம் ஏறினார். கரண்டியில் சாந்தை அள்ளிச் சுவரில் வீசினார். மணிக்கட்டு மடங்கியது. பாதி அவர் காலில் விழுந்தது, மீதி கீழே நின்ற அவள் தலையில்.

மேஸ்திரி அதைப் பார்த்தார். பின்பக்கச் சுவரில் தனியாளாக வேலை செய்த உதறியை வரச் சொன்னார். அவளைப் பார்த்து, "நீயும் கிளம்பும்மா. ஜோடி உடைஞ்சுபோச்சு" என்றார்.

"உடைஞ்சது அவரு கை. எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. இந்த உதறிக்குச் சாந்து யாரு குடுக்கிறது, நீங்களா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, நில்லு" என்றார்.

"ஏன்டி, அவனுக்கா எடுத்துக் குடுக்கப்போற?" என்றார் கொத்தனார்.

"சுவருக்குக் குடுக்கப்போறேன். வழிய விடுங்க."

அவர் இறங்கி மணல் குவியலில் உட்கார்ந்தார். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "இது எப்போடி சரியாகும்?" என்றார்.

"கேரம் பலகைய விட்டு எந்திரிச்ச அன்னிக்கிலிருந்து எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, நிறைந்த சட்டியோடு அவள் ஏறினாள்.