சட்டைக்குள் ஒளிந்த எழுத்து

"அத்தை, அப்பா இங்கிலீஷ்லயா பாட்டு எழுதினாரு?"

அண்ணன் மகள் சீதாமுனி கைப்பேசியை மாய்னோவிடம் நீட்டினாள். போன மழைக்காலத்தில் இறந்த அண்ணன், மகளுக்கென்று விட்டுப்போனது அந்தப் பாட்டுகளை மட்டும்தான். திரையில் சந்தாலி எழுத்து ஒன்றுகூட இல்லை. பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் எறும்புபோல மொய்த்துக் கிடந்தன.

"நம்ம எழுத்துதான்டி. வேற சட்டை போட்டிருக்கு."

அந்தச் சட்டையைத் தைத்தவர் ராய்ரங்பூர் சந்தையில் அச்சுக்கடை வைத்திருக்கும் பாதுராய் மார்ண்டி. கணினியில் நம் சந்தாலி மொழியின் ஒல் சிக்கி எழுத்துகளுக்கென்று தனிக் குறியீட்டு எண்ணே இல்லாத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் எண்களை எடுத்து, மேலே நம் எழுத்தின் உருவத்தைப் போர்த்தினார் அவர். வேறு கடைக்காரர்கள் களவாடிவிடாதபடி, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதையும் கலைத்துப் போட்டார். அவருடைய எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி ஆங்கிலம்தான் தெரியும். மாய்னோ பள்ளி ஆசிரியை. அவளே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாள். பாதி எழுத்து பிடிபட்டது, பாட்டு பிடிபடவில்லை.

வேறு வழியின்றிக் கடைக்குப் போனாள்.

வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் வைத்து ஜோஹார் என்று வணக்கம் சொல்லாமல் சந்தால்கள் பேச்சைத் தொடங்குவதில்லை. பாதுராய் செம்பைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"என்ன டீச்சரம்மா, எங்க வந்த?"

"அண்ணே, உங்க பழைய எழுத்துரு வேணும். அண்ணன் பாட்டைத் திறக்கணும்."

"உலகம் பூரா நம்ம எழுத்துக்கு நம்பர் குடுத்தாச்சுன்னு குதிச்சியே. அந்த உலகத்துகிட்டயே போய்க் கேளு."

"எங்கண்ணன் உங்க சிநேகிதன்."

"அவன் அன்னிக்கு ஊர்ச் சபையில இருந்திருந்தா உன் வாயைத் தச்சிருப்பான். 'இங்கிலீஷ்காரன் சட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்ட சந்தாலி'ன்னு சொன்னியே! ஊரே சிரிச்சுது. அப்புறம் ஒருத்தன் இந்தப் படி ஏறினானா?"

"நான் சொன்னது நிஜம்தானே?"

"நிஜம் சொல்ல அந்த இளிப்பு எதுக்கு?"

மாய்னோ படியிறங்கினாள். நாக்கு வறண்டபடியே வீடு திரும்பினாள்.

பாஹா என்னும் பூப்பண்டிகை வந்தது. பாதுராய்தான் ஊர்ப் பூசாரி. தோப்புத் தெய்வத்துக்குப் படைத்த சால மரப் பூக்களோடு வீடு வீடாக வருவார். அந்தந்த வீட்டுப் பெண் அவர் காலைக் கழுவி எண்ணெய் வைக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் மாய்னோ. வருவது பாதுராய் மட்டுமல்லவே, பூவும்தானே? தண்ணீரும் எண்ணெயுமாய் வாசலில் உட்கார்ந்தாள்.

"நல்லாத் தேய். இதுலயும் ஏதாவது குத்தம் கண்டுபிடி, ஊரைக் கூட்டிச் சொல்லு."

"குதிகாலைப் பாருங்க, ஏர் ஓட்டின வயல் மாதிரி கிடக்கு."

வெறுங்காலோடு நடந்ததில் வெடிப்பு ஒன்றில் ரத்தம் கசிந்திருந்தது. பேருக்கு எண்ணெய் தொட்டு வைத்தால் போதும், அதுதான் வழக்கம். பகையாளியின் காலென்று தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொரு வெடிப்பாக எண்ணெயை இட்டு, வலிக்காமல் நீவிவிட்டாள். பாதுராய் குனிந்து அவள் கையைப் பார்த்தார். பிறகு இடுப்பு முடிச்சைத் தடவிவிட்டு, அவள் முந்தானையில் பூவைப் போட்டார்.

"எண்ணெயை ஊத்தி என்னை வழுக்கி விழவைக்கப் பாக்குறா!" என்று தெருவெல்லாம் கேட்கத் திட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

பூக்களுக்குள் நூலில் கட்டிய மெமரி கார்டு ஒன்று இருந்தது. எத்தனை நாளாய் இடுப்பில் சுமந்தாரோ, நூல் அழுக்கேறிக் கிடந்தது.

அதிலிருந்த எழுத்துருவை மாய்னோ கணினியில் ஏற்ற, அன்று மாலையே சீதாமுனி தன் அப்பாவின் பாட்டை அவர் எழுதிய எழுத்திலேயே படித்தாள்.

மாய்னோ அதோடு நிற்கவில்லை. பாதுராய் முன்பு நடத்திய, இப்போது யாராலும் திறக்க முடியாமல் கிடந்த பத்திரிகைகளும் அந்தக் கார்டில் இருந்தன. சீதாமுனி பள்ளிக்குப் போனபின், விடுமுறை எடுத்துத் தனியாக உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் உலகம் கொடுத்த எண்ணுக்கு மாற்றினாள். 'எழுதுவது' என்றே பொருள்படும் 'ஒல்' எழுத்து முதலில் தன் சொந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. முடிந்ததும் எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினாள். ஒவ்வோர் இதழின் தலைப்பிலும், 'நம் எழுத்துக்கு முதலில் இடம் கொடுத்தவர் பாதுராய் மார்ண்டி' என்று சேர்த்தாள்.

தன் பெயரை எங்கும் போடவில்லை. கணினியை அணைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.