சனிக்கும் ஞாயிறுக்கும் ஐந்து டிகிரி

ஃபிரிட்ஜும் ஸ்டெரிலைசரும் ஒன்றாக ஓடினால் அந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஃபியூஸ் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை கத்தரிக்கோல், இடுக்கிகளைக் கொதிக்கவைக்கும்போது ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வேலை முடிந்ததும் மறுபடி செருக வேண்டும். தொண்டு செய்யவென்று கடல் கடந்து வந்து, நர்ஸ் அக்காவின் வீட்டிலேயே தங்கியிருந்த பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அந்த வீட்டில் அவளுக்குப் பேசாமடந்தை என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர், அவள் மாமா என்று கூப்பிடுபவர், சுகாதார நிலையத்து ஜீப்பை ஓட்டுபவர். "உப்பு வேணும்னாகூட வாயைத் திறக்க மாட்டா. குழம்பை முறைச்சுப் பாப்பா. நாமதான் புரிஞ்சுக்கணும்" என்பார். அவளும் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை பேசாமடந்தை பிளக்கைச் செருக மறந்தாள்.

திங்கள் காலை கதவைத் திறந்ததும் அறை ஏதோ மாதிரி இருந்தது. எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் வாயடைத்து நின்றது. வயர் தரையில் கிடந்தது. உள்ளே குப்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தன. அவசரமாகச் செருகினாள். உறுமல் தொடங்கியது.

ஃபிரிட்ஜ் கதவில் தினமும் இருவேளை வெப்பநிலையைக் குறிக்கும் தாள் ஒட்டியிருந்தது. சனி: ஐந்து, ஐந்து. ஞாயிறு: ஐந்து, ஐந்து. விடுமுறை நாளில் வந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்று, அக்கா வெள்ளிக்கிழமையே எழுதிவைத்துவிடுவாள். திங்கள் காலைக்கும் சேர்த்து எழுதியிருந்தாள்.

தான் மறந்ததைச் சொன்னால் அக்கா எழுதியதும் வெளியே வரும். சோறு போடுகிற வீடு. தடுப்பூசி முகாம் வெள்ளிக்கிழமைதான். அதற்குள் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நுண்ணுயிரியல் படித்தவள். சூடுபட்ட மருந்து நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அக்காவின் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏழு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். முழங்கைக்குக் கீழே நான்கு பல் பதிந்து ரத்தம் வழிந்தது.

"நாயை என்னடி பண்ணினே?"

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அதுவா வந்துச்சு, அதுவா கடிச்சுச்சு. இந்தத் தடவை நிஜமாவே நான் ஒண்ணும் பண்ணல. சார்கிட்ட வேணா கேளு."

ஆசிரியர் ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா குழாயடியில் உட்கார்ந்து கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"அழாதே. இந்த மருந்து இருக்கிறப்போ எந்த நாயும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. தங்கம் மாதிரி வச்சிருக்கேன், பாரு."

பேசாமடந்தை பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "பஞ்சைக் குடு" என்றாள் அக்கா. கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினாள். "சித்தி, என்ன தேடறே?" என்று வாலுகூடக் கேட்டாள்.

புதன் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஜீப்பை நிறுத்திவிட்டு மாமா உள்ளே வந்தார். கை கழுவவில்லை.

"அந்த நாய் செத்துக் கிடக்கு. பம்பு அறைக்குப் பின்னாடி. வாயெல்லாம் நுரை."

அக்கா பரிமாறுவதை நிறுத்தவில்லை. "செத்தா சாகட்டும். முதல் ஊசி போட்டாச்சு. நாளைக்கு ரெண்டாவது."

"அக்கா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மருந்து சரியில்லக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஃபிரிட்ஜ் ஓடல. நான் பிளக்கைப் போட மறந்துட்டேன்."

அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் மெதுவாக வைத்தாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை காலைல."

"ஊசி போடறதுக்கு முன்னாடியே."

"ஆமாக்கா."

"பக்கத்துல நின்னு பஞ்சு குடுத்தியே."

மாமா சாவியை எடுத்தார். "இன்னைக்குத்தான் வாய் திறந்துச்சாக்கும்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நகரத்து மருத்துவமனைக்கு மூன்று மணி நேரம். ஜீப்பில் வாலு மட்டும் பாடிக்கொண்டு வந்தாள். அங்கே காயத்தைச் சுற்றிலும் ஊசி, தோளில் ஊசி. முதலிலிருந்து எல்லாம். மருத்துவர் அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். பேசாமடந்தையும் பின்னால் போய் நின்றாள்.

"ரெண்டு நாள் வீணாப் போச்சு. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். மூணு மாசம் கண்ணுக்குள்ள வச்சுப் பாருங்க. தண்ணி குடிக்கப் பயந்தாலோ, தொண்டை இழுத்துப் பிடிச்சாலோ..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கும் சொல்லத் தேவையில்லை. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைத்தவர் இல்லை.

மறுநாள் அக்கா அந்த மருந்துகளையெல்லாம் பெட்டியில் கட்டி, தான் எழுதிய தாளையும் மேலே வைத்து, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள். பேசாமடந்தையைத் திட்டவில்லை. சோற்றை எப்போதும்போல் போட்டாள். உப்புக் கிண்ணத்தை மட்டும் அவள் பக்கம் யாரும் நகர்த்தி வைப்பதில்லை.

அதன் பிறகு வாலு டம்ளரை எடுத்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். மூன்று ஜோடிக் கண்கள் அவள் தொண்டையில் போய் நிற்கும். தண்ணீர் இறங்கியதும்தான் யாராவது இருமுவார்கள், யாராவது நாற்காலியை இழுப்பார்கள். அவளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது.

பத்தாம் நாள் மதியம் சாப்பிடும்போது டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் கண்களை உருட்டினாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு "க்க்க்" என்றாள். மாமாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"ஏமாந்தாச்சு!" என்று கைகொட்டிச் சிரித்தாள் வாலு.

பளாரென்று ஓர் அறை. அக்கா அதுவரை அவளை அடித்ததேயில்லை. வாலு திகைத்து நின்று, பிறகு உதடு பிதுங்கி அழுதாள். "எனக்குத் தண்ணி வேணாம், போ" என்று டம்ளரைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரந்தானே உனக்கு விமானம்?"

"ஆமாக்கா."

"டிக்கெட்டை மாத்து. நீ மறந்தே, நான் எழுதினேன். மூணு மாசமும் ரெண்டு பேரும் சேர்ந்தே பாப்போம்."

பேசாமடந்தை சரி என்றாள். தட்டுகளை எடுத்தாள். மேசையைத் துடைத்தாள். வெயில் சன்னல் வழியாகத் தரைக்கு வந்து, சுவரில் ஏறியது.

மூன்று மணி ஆயிற்று. வாலு இன்னும் தண்ணீர் கேட்கவில்லை.