சம்பந்தி பேரம் பேசிய சைக்கிள்

அழகேசன் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கல்லாவைப் பூட்டிக்கொள்வார் என்று பொங்கோலில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பேச்சு உண்டு. மகன் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்த இடத்தில் ரவிக்கைத் துணி, கைப்பை, போதாக்குறைக்குச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே மாட்டார். அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "விலை நீங்க சொன்னதே இருக்கட்டும், கூட என்ன தர்றீங்க?" என்பதுதான் அவருடைய வழி.

அப்படிப்பட்டவரோடு சைக்கிள் வாங்கப் போனது கோவிந்தசாமியின் தப்பு. ஆனால் அந்த மனிதரும் என்ன செய்வார்? டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார், சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று மனைவி சுசீலாவிடம் சொல்லிவைத்தார். சுசீலா வாயில் ஒரு சேதி எவ்வளவு நேரம் தங்கும்? சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் போயிற்று. மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ரஞ்சனின் அப்பாவான அழகேசன் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தேக்கா ரயில் நிலைய வாசலில் வந்து நின்றுவிட்டார். பரிசம் போட்டாயிற்று, தை பிறந்தால் கல்யாணம். இந்த நேரத்தில் சம்பந்தியை வராதீர்கள் என்று யார் சொல்வார்கள்?

உண்மையில் டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. துவாஸில் ஒரு கிடங்குக்கு சூப்பர்வைசராக இருந்த கோவிந்தசாமியைத் தீபாவளிக்கு முன்பே ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் வழக்கம்போல் சட்டை மடிப்புக் கலையாமல் பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து கிளம்புவார். எங்காவது நூலகத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். மாலையில் களைத்த முகத்தோடு திரும்புவார். களைப்பு மட்டும் நிஜம். இப்போது சாப்பாடு டெலிவரி செய்யப் பெயர் பதிந்துவிட்டார். சைக்கிள் அதற்குத்தான். மனைவிக்குத் தெரியாது, மகள் தாரணிக்கும் தெரியாது. பெண்ணைப் பெற்றவர் வேலை போய், பையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் தாரணியின் கல்யாணம் ஆட்டம் காணும் என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல். அந்த மாப்பிள்ளை வீட்டாரின் தலைவர்தான் இப்போது பக்கத்தில் நின்று டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இப்ராஹீமின் கடை. சைக்கிளைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. மற்றதற்குத்தான் நேரம் பிடித்தது.

"மணி, லைட்டு, பூட்டு மூணும் சும்மா தர்றேண்ணே," என்றார் இப்ராஹீம்.

"மணி இல்லாம சைக்கிளா பாய்? அத கணக்குல சேக்காதீங்க. ஹெல்மெட்டு எங்க?"

"ஹெல்மெட்டு தனி."

"தனியா நாங்க எதுக்கு வாங்கறோம், எங்க சம்பந்தி தலை என்ன தனியாவா வந்திருக்கு?"

ஹெல்மெட் வந்தது. அழகேசன் விடவில்லை. பம்பு வந்தது. தண்ணீர் பாட்டில் மாட்டும் வளையம் வந்தது. பாட்டிலும் வந்தது. கோவிந்தசாமிக்கோ இதில் எதுவுமே அவ்வளவு அவசரமில்லை. டெலிவரிப் பையை வைக்கப் பின்னால் ஒரு கேரியர் வேண்டும், வழி பார்க்க முன்னால் ஃபோன் மாட்ட ஒரு ஹோல்டர் வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் எதற்கு என்ற கேள்வி வரும்.

"கடைசியா ஒண்ணு," இப்ராஹீம் கை துடைத்துக்கொண்டார். "முன்னால கூடையா, பின்னால கேரியரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் தந்தா நான் கடைய உங்க பேருக்கே எழுதி வச்சிட்டுப் போயிடலாம்."

"கூடைதான். சம்பந்தியம்மா கங்கோங் கீரை, மீனு எல்லாம் போட்டுக்கலாம்லா."

"கேரியரே இருக்கட்டும்," என்றார் கோவிந்தசாமி.

"கேரியர் எதுக்கு? அரிசி மூட்டையா ஏத்தப் போறீங்க?"

கோவிந்தசாமி யோசிக்காமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். "இல்ல, நாளைக்குப் பேரப் பிள்ளைன்னு வந்தா..."

அழகேசன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா பாய், பரிசம்தான் போட்டிருக்கு, அதுக்குள்ள இவரு பேரனையே உக்கார வச்சிட்டாரு. அப்ப கேரியர் எதுக்கு, அந்தப் பிள்ளை சீட்டையே மாட்டிக் குடுங்க." சுவரில் தொங்கிய குழந்தை இருக்கையை அவரே எட்டி எடுத்துவிட்டார்.

"அத மாட்டினா கேரியர் போட இடமிருக்காதுண்ணே."

"இருக்க வேணாம்."

"வேணாம் சம்பந்தி," கோவிந்தசாமியின் குரல் உயர்ந்துவிட்டது. "கேரியர்தான் வேணும். நல்லா அகலமா, கனம் தாங்கற மாதிரி. ஃபோன் வைக்க ஒரு ஹோல்டரும்."

இப்ராஹீம் நெற்றியில் தட்டிக்கொண்டார். "டெலிவரிப் பைய வைக்கத்தானே? மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே. வாரத்துக்கு ரெண்டு பேரு அதுக்குன்னே வாங்கறாங்க. உள்ள பெரிய கேரியர் வச்சிருக்கேன், இருங்க." உதவி செய்கிற சந்தோஷத்தில் உள்ளே போனார்.

அழகேசன் கையில் குழந்தை இருக்கை அப்படியே இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னால வேலை போச்சு. இனிமேதான் ஓட்டணும்."

"ரஞ்சனுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுலயே தெரியாது."

அழகேசன் இருக்கையை மெதுவாகச் சுவரிலேயே மாட்டினார். இப்ராஹீம் கேரியரை முடுக்கினார், ஹோல்டரை மாட்டினார். இவ்வளவு நேரம் நச்சரித்த ஆள் சுவரைப் பார்த்து நிற்பது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"வேணும்னா அந்தக் கூடையையும் சேத்தே போட்டுடறேண்ணே."

"வேணாம் பாய்," என்றார் அழகேசன்.

சும்மா வரும் பொருளை அந்த மனிதர் வேண்டாமென்று சொல்லிக் கேட்டபோதுதான் கோவிந்தசாமிக்கு விஷயம் கைமீறிவிட்டது புரிந்தது. கத்தியிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

சந்து முனையில் அழகேசன் நின்றார். "பாத்துப் போங்க," என்றார். சம்பந்தி என்ற சொல் கூட வரவில்லை. ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

கோவிந்தசாமி மிதித்தார். ஊதா வழித்தட ரயிலில் ஏறினால் அழகேசன் வண்டி மாறாமல் நேரே பொங்கோல் போய்விடுவார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் முன்பே சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடுவாரா? இல்லை, ரயிலிலேயே மகனுக்கு ஃபோன் போடுவாரா? எவ்வளவு மிதித்தாலும் ரயிலை முந்த முடியாது. காலாங் ஆற்றோரம் ஒரு பாலத்தடியில் இறங்கி, மூச்சு அடங்குவதற்குள் தாரணியைக் கூப்பிட்டார்.

"தாரணி, குறுக்க பேசாம கேளு. அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. டெலிவரி ஓட்டத்தான் இந்த சைக்கிள்."

அந்தப் பக்கம் உணவங்காடி இரைச்சலிலிருந்து அவள் ஒதுங்கி வருவது கேட்டது.

"அம்மாவுக்கு?"

"தெரியாது. ஆனா உன் மாமனாருக்குக் கடையில தெரிஞ்சுபோச்சு. ஒண்ணும் பேசல. இப்ப ரயில்ல போயிட்டிருக்காரு."

"ஐயோ அப்பா." உடனே அவள் குரல் உறுதியானது. "நீங்க யாருக்கும் ஃபோன் பண்ணாதீங்க. ரஞ்சன்கிட்ட ஃபர்ஸ்ட்டு நான்தான் சொல்லணும். அவங்க அப்பா வாயால அவரு கேக்கக் கூடாது."

"எம்மேல கோவமாம்மா?"

"இருக்கு. அத அப்புறம் பாக்கலாம். வைங்கப்பா, டிரெயின் போய்ச் சேந்துடும்."

வைத்துவிட்டாள். கோவிந்தசாமி சைக்கிளில் ஏறவில்லை. அவள் திரும்பக் கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டுமே என்று, ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.