குமிழ் இல்லாத அடுப்பு

துணிக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததால், தெருவில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை அது. சட்டையில் ஒரே ஒரு தையல் நழுவியிருந்தாலும் மேசையின் அந்தக் கோடியிலிருந்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் மூன்று பெட்டி கிழிசல் சட்டைகளைச் சரி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். மறுநாளே முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள்.

முதுகில் ஒன்றும் இல்லை. கண் டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தாள். உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம் என்றார் டாக்டர். இடது கண்ணில் வெறும் வெளிச்சம் மட்டும். வலது கண்ணில், நடுவில் ஒரு காசு அகலத்துக்கு உலகம் தெரிந்தது. அந்தக் காசுக்குள் வந்தால் முகத்தில் இருக்கிற மச்சம்கூடத் தெரியும். கொஞ்சம் நகர்ந்தால் ஆளே இல்லை.

மகளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மகளுக்கு வயது முப்பத்தொன்று ஆகியும் வீட்டில் பாப்பாதான். அப்பா போனபின் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பார்சல் கம்பெனியில் சேர்ந்து, பெட்டி ஒட்டுவதில் ஆரம்பித்து, மேற்பார்வை வரைக்கும் வந்திருந்தாள். இப்போது தூரத்து ஊர்க் கிளையில் பெரிய பொறுப்பு கிடைக்கப் போகிறது. விஷயம் தெரிந்தால் பாப்பா நகரமாட்டாள். அது செக்கிங் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் போறதுக்கு முன்னாடி இந்தச் சமையலறையை மாத்திட்டுத்தான்மா போவேன்" என்றாள் பாப்பா.

"எதுக்குடி? எனக்கு இதுவே போதும்."

"எது போதும்? அலமாரிக் கதவைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்க. தொட்டிக்குக் கீழ எப்பவும் ஒரு வாளி. சுவத்தைத் தொட்டா கையோட வருது. ஒன்றரை வருஷமா ஓவர்டைம் பார்த்தது வேற எதுக்காம்?"

வீட்டில் செக்கிங் அக்காவுக்குப் பார்வை இருந்த ஒரே இடம் அந்தச் சமையலறைதான். வாசற்படியிலிருந்து மூன்று எட்டு வைத்தால் இடுப்பில் மேடை முட்டும். கை தானாகப் போய் அடுப்பின் குமிழில் உட்காரும். பற்றிக்கொள்ளும் சத்தத்தை வைத்தே தீ எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். எந்த டப்பா எந்த டப்பாவின் தோளில் சாய்ந்திருக்கிறது என்பது விரலுக்கு மனப்பாடம். அங்கே அவள் வெங்காயம் நறுக்குவதைப் பார்க்கிற யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது? வேண்டாம் வேண்டாம் என்று பத்து நாள் பிடிவாதமாக நின்றாள். அதற்குமேல் பிடிவாதம் பிடித்தால் ஏன் என்ற கேள்வி வரும். சரி என்றாள்.

பாப்பா பார்த்துப் பார்த்துச் செலவு செய்தாள். காலி செய்த ஓர் அலுவலகத்திலிருந்து நல்ல அலமாரிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை அளவுக்கு அறுத்துப் பொருத்த ஒரு தச்சர் வந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் காதில் ஒரு பென்சில். பக்கவாட்டில் லேசாக நசுங்கியிருந்ததால் பாதி விலைக்கு ஒரு மின்சார அடுப்பும் வந்தது. மேலே முழுக்கக் கண்ணாடி. தொட்டால் வேலை செய்யும்.

"திருகுறது எங்கடி இருக்கு?"

"திருகவே வேண்டாம்மா. சும்மா விரலை வச்சாப் போதும். துடைக்கிறதும் சுலபம்."

அவள் தடவிப் பார்த்தாள். பனிக்கட்டியைத் தடவுவது போல விரல் வழுக்கிக்கொண்டு போனது.

தச்சர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். அவள் டீ கொண்டு வந்தபோது அவர் வலது பக்கம் நின்று கையை நீட்டியிருந்தார். அவள் எதிரிலிருந்த வெறும் சுவரைப் பார்த்து, "எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கண்ணு சரியாத் தெரியலையா?" என்றார்.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் ஊருக்குப் போறா. அவ போயிடட்டும்."

"அப்ப இந்த அடுப்பை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பழகிடும்."

அவர் நம்பவில்லை. சாயங்காலம் பாப்பா வந்ததும், "பழைய கேஸ் அடுப்பையே வச்சுடலாமா பாப்பா? அம்மாவுக்குக் கைப்பழக்கம் இருக்குல்ல" என்று கேட்டுப் பார்த்தார்.

"பழசு ஒண்ணும் வேண்டாம்ணே. எடுத்துட்டுப் போயிடுங்க." கொடுக்கிற சந்தோஷத்தில் இருந்த பாப்பா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பழைய மேடையை உடைத்து, குப்பை லாரியில் ஏற்றினார்கள். சம்மட்டி அடி ஓயும் வரைக்கும் செக்கிங் அக்கா பக்கத்து அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டு நாளில் வேலை முடிந்தது. பார்த்தவர்களெல்லாம் அழகு என்றார்கள். அவளுடைய காசு அகலத்துக்குள் ஒரு வெள்ளைக் கைப்பிடி தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி.

பாப்பா வேலைக்குப் போனதும் தினமும் உள்ளே நின்று பழகிப் பார்த்தாள். இப்போது மேடை மூன்று எட்டில் இல்லை, இரண்டரையில் இருந்தது. மேல் அலமாரியைத் திறந்து வைத்தது மறந்து இரண்டு தரம் நெற்றியில் வாங்கினாள். தொட்டி இருந்த இடத்தில் இழுப்பறை. அடுப்போ அவளோடு கண்ணாமூச்சி ஆடியது. தொட்டால் ஒரு பீப் சத்தம் வரும், பற்றிக்கொண்டதா அணைந்ததா தெரியாது. நான்காம் நாள் தொடுவதையே விட்டுவிட்டாள். ரொட்டியும் பழமும் தின்று பகலை ஓட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டை பாப்பா வரும் வழியில் வாங்கி வருவாள். பாப்பா கேட்டால், "பசிக்கல" என்பாள்.

இரண்டு வாரம் கழித்து பாப்பா அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். புதிதாக வாங்கி வைத்த பாத்திரங்களின் கடைக் காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏம்மா, ஒரு தரமாவது சமைச்சியா?"

"செய்யணும்டி."

"அடுப்பு புதுசு மாதிரியே இருக்கு. நெத்தில என்ன காயம்?"

"இடிச்சுக்கிட்டேன்."

"உனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லேன்."

அவள் யோசித்தாள். கண் விஷயத்தை மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றியது. "ஆமா, பிடிக்கலைதான். யார் உன்னை மாத்தச் சொன்னது?"

பாப்பாவின் முகம் காசுக்குள் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"நான் எது செஞ்சாலும் உனக்கு ஒட்டாதும்மா." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பேச்சு வற்றிவிட்டது. பாப்பா பெட்டி கட்டும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபத்தோடாவது போகட்டும், போனால் சரி என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. சண்டை போட்ட முகத்தோடு பிள்ளையை அனுப்புவதா? ஒரு வேளையாவது இந்த அடுப்பில் சமைத்துப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. பாப்பா வேலையிலிருந்து வருகிற நேரம் பார்த்து உருளைக்கிழங்கை வேகவைத்தாள். பீப் சத்தம் வந்தது, வெந்தது, வாசனையும் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, மேடையின் விளிம்பு எங்கே என்று இடது கையால் தேடினாள். கை முழுசாகக் கண்ணாடியின் மேல் படிந்தது. அணைத்தும் ஆறாத கண்ணாடி.

கதவைத் திறந்த பாப்பாவின் காதில் அந்த அலறல்தான் முதலில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளங்கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினாள். செக்கிங் அக்கா மேசையில் கையெழுத்துப் போட்டாள். தாள் இந்தப் பக்கம் இருந்தது.

நர்ஸ் ஒரு சிறிய விளக்கை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் நகர்த்தினாள். கண் கூடவே போகவில்லை.

"எத்தனை நாளாம்மா?" பாப்பாவின் குரல் ஒடிந்தது.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு ஆணியைக்கூட அசைச்சிருக்க மாட்டேனே. பிடிக்கலைன்னு ஏம்மா சொன்ன?"

"நீ போகணும்ல."

வீட்டுக்கு வந்ததும் பாப்பா தச்சருக்குப் போன் போட்டாள். அவர் ஓடோடி வந்தார்.

"முன்னாடி இருந்த மாதிரியே கட்டித் தர முடியுமாண்ணே?"

"அதே மாதிரி கட்டலாம் பாப்பா. ஆனா அதே இடத்துல வராது. அம்மா கை போய்த் தேடுற இடம் எனக்கு எப்படித் தெரியும்?" அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்பவும் வைத்தார். "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் தப்பு."

"நான்தான் சொல்லவேண்டாம்னேன்" என்றாள் அவள் நாற்காலியிலிருந்து.

பழைய அடுப்பு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். அவரே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். வேறொன்று வாங்கிப் போடக் கையில் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த நாள் பாப்பா அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள். போகாதே என்று சொல்லவும் செக்கிங் அக்காவுக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. அந்த இடத்துக்கு பாப்பாவின் கீழ் வேலை பார்த்த பெண்ணைப் போட்டார்கள். இனிமேல் இன்னொரு வாய்ப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை. வராது என்று இருவருக்கும் தெரியும்.

கண்ணாடியின் மேல் தடவித் தெரிந்துகொள்ளச் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை பாப்பா ஒட்டிப் பார்த்தாள். சூட்டில் அவை இளகி உரிந்து வந்தன. இரண்டு தரம் ஒட்டினாள். மூன்றாம் தரம் ஒட்டவில்லை. அந்த மாதக் கடைசியில் டாக்டர் சோதித்துவிட்டு, வலது கண்ணும் இன்னும் சுருங்கியிருப்பதாகச் சொன்னார்.

இப்போது பாப்பாதான் சமைக்கிறாள். அவளுக்குச் சமையல் வராது. காலையில் அவசர அவசரமாக எதையோ வேகவைத்து, தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். ஒருநாள் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. செக்கிங் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள்.

"வராதம்மா, சூடு. அங்கயே இரு."

அவள் அங்கேயே நின்றாள்.

"தீயைக் குறைடி" என்றாள்.

"குறைச்சுட்டேன்மா."

தீய்கிற வாசனை குறையவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.