ஒழுகாத துணி

என் துணி ஒழுகுகிறது என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, சொன்னவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். இவர் சொன்னதால் நம்பினேன்.

துணியைச் செய்வது நான், சூட்டில் போட்டுச் சோதிப்பது அவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த ஏற்பாடுதான். கண்ணுக்குத் தெரியாத மெழுகு உருண்டைகளைப் பசையில் கலந்து துணியில் பூசுவேன். வெளியே சூடு ஏறினால் மெழுகு உருகும். அது உருகி முடிகிற வரைக்கும் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பது தப்பிக்கும். விண்கலத்துக் கருவிகளுக்குப் போர்த்தத்தான் ஆரம்பித்தோம். மற்ற காப்புகள் பலகை போல விறைத்து நிற்கும். என்னுடையது போர்வை மாதிரி மடங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தீயணைப்புத் துறையிலிருந்து சட்டை கேட்டார்கள். அங்கே வேலை பார்க்கிற என் தம்பி, "அக்கா செஞ்சதை நான்தான் முதல்ல போடுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அதைப் போட்டுக்கொண்டு அவன் நெருப்பு அறைக்குள் போக வேண்டும்.

சோதனைகளில் துணி அமர்க்களமாகத் தாங்கியது, நான் கணக்குப் போட்டதைவிட நன்றாகவே. குறை ஒன்றுதான். சோதனை மேடைக்கு வரும்போது அதன்மேல் ஈரம் மினுங்கும். "மெழுகு கசியுது. உன் பசை சரியில்லை" என்று சொல்லி, அவரே துடைத்து, துடைத்த காகிதத்தையும் அவரே குப்பையில் போடுவார்.

என் மேஜையில் அதே துணி ஒருநாளும் கசிந்ததில்லை. ஆனாலும் மூன்று மாதம் பசையை மாற்றி மாற்றிக் கலக்கினேன். தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. வாரா வாரம் தம்பியிடம் போனில் புலம்புவேன். "குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிடவாக்கா?" என்று அவன் கிண்டலடிப்பான். கடைசியில் ஒருநாள், "இப்போ காஞ்சிருக்கு, சரியாயிடுச்சு" என்றார் இவர். அன்றைக்கு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி உள்ளே போக வேண்டிய நாள் காலையில் ஆய்வுக்கூடத்தில் என் அறை பிரிட்ஜ் படுத்துவிட்டது. பசை டப்பாவை வைக்கலாமே என்று அவர் அறை பிரிட்ஜைத் திறந்தேன். தம்பியின் சட்டை அதற்குள் மடித்து வைத்திருந்தது.

சோதனைக்கு முந்தின நாளே துணியைச் சோதனை அறைக் காற்றில் தொங்கவிட்டு, அந்த அறையின் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. வீடு பற்றி எரியும்போது, பிரிட்ஜில் வைத்த சட்டை யாருக்குக் கிடைக்கும்?

சட்டையை வெளியே எடுத்துப் பிடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே பொடிப் பொடியாக நீர் அரும்பியது. குளிர்ந்த பாட்டில் வியர்க்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. கடைசியில் ‘காய்ந்தது’கூட, நான் பார்க்கும் முன்பே அவர் துடைத்துவிட்டதால்தான். அவர் பின்னால் வந்து நின்றார்.

"கத்தாதே" என்றார். "ஜில்லுன்னு இருந்தாதான் முழு நேரமும் தாங்குது. இல்லைன்னா பாதியிலயே போயிடுது. உன் துணியைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"ஒழுகுதுன்னு என்னை மூணு மாசம் பைத்தியமா அலைய விட்டீங்களே?"

அவர் என் கையிலிருந்த சட்டையை வாங்கப் பார்த்தார்.

"உள்ள போறது என் தம்பிங்க!"

"போக மாட்டான். நானே போய் நிறுத்திடறேன், எல்லாத்தையும் நானே ஒத்துக்கறேன். நீ அங்க வந்து அழுது வைக்காதே. என்கிட்ட விடு."

பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. விட்டேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவரிடமே இன்னொரு தரம் கழுத்தை நீட்டிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். சாதாரண உடுப்பில் இருந்தான். எனக்கு உயிர் வந்தது. எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"மாமா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாருக்கா."

"சொன்னாரா?"

"ஒழுகறது நிக்கவே இல்லையாமே. நீ கெஞ்சினதால இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தாராம். இன்னைக்கு என் முகத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலையாம். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. உள்ள போறது நான்தானே?"

"துணி ஒழுகலைடா. அவர்தான் பிரிட்ஜ்ல வச்சாரு. அது வெறும் தண்ணிடா" என்றேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நீதானேக்கா வாரா வாரம் ஒழுகுது ஒழுகுதுன்னு அழுதே?"